மாத்திரை கைக்கு வரும் முன்னே: குழந்தைகளின் மலேரியாவும் குடும்பச் செலவும்

இந்தியாவில் அரசு மருத்துவ இடங்களில் மலேரியா பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி காட்டுக்குள் இருக்கும் துணை சுகாதார நிலையமானாலும் சரி, மும்பை மாநகராட்சி தவாகானா என்ற சிறு மருந்தகமானாலும் சரி, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்கோ, கிருமி தெரிந்தால் மாத்திரை தருவதற்கோ யாரும் பில் போடுவதில்லை. கேஸ் பேப்பருக்கு, அதாவது நோயாளிச் சீட்டுக்கு, வாங்கும் சில்லறை ஒரு செலவே இல்லை. அப்படியிருந்தும் குழந்தைக்கு மலேரியா வந்த ஏழை வீட்டில் கடன் ஏறுகிறது. ஓர் ஊரில் ஆடு விலைபோகிறது, இன்னோர் ஊரில் தோடு அடகுக்குப் போகிறது. மூத்த பெண் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகாமல் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள். மருந்து இலவசம் என்றால் இந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது?

மருந்துக்கு வந்து சேரும் வழியில் போகிறது. முதலில் போன தவறான இடத்துக்கு, அங்கே போட்ட தேவையில்லாத ஊசிக்கு, வண்டிக்கு, வழியில் சாப்பாட்டுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைக்குப் போகாமல் விட்ட நாட்களுக்கு. சரியான மாத்திரை கைக்கு வரும்போது குடும்பம் செலவழிக்க வேண்டியதையெல்லாம் ஏறக்குறைய செலவழித்து முடித்திருக்கும். மலேரியாவின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது இதை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ‘அதுதான் இலவசமாகத் தருகிறோமே’ என்ற ஒரு வரியில் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

மும்பைத் தமிழர்களுக்கு இது எங்கோ நடக்கும் கதை இல்லை. தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, சீத்தா கேம்ப் என்று நம் ஆட்கள் நெருக்கமாக இருக்கும் எந்தப் பகுதியிலும் ஜூன் மழை இறங்கிய சில வாரங்களில் குளிர்காய்ச்சல் வந்துவிடும். நம் மகாராஷ்டிர மாநிலத்தின் இன்னொரு கோடியில், மும்பையிலிருந்து 900 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கட்சிரோலி மாவட்டம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மலேரியா அதிகம் வாட்டும் மாவட்டம் அது. மாநகரக் குடும்பமும் காட்டுக் கிராமத்துக் குடும்பமும் ஒரே நோய்க்கு எப்படி வேறு வேறு விதமாகப் பணம் கட்டுகின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இலவச மருந்து எங்கே போதாமல் போகிறது என்பது விளங்கும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இந்தியாவில் முக்கியமாக இரண்டு கிருமிகள். ஒன்று பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். காட்டு, மலைப் பகுதிகளில் இது அதிகம். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் மூளையைத் தாக்கி வலிப்பு வரை கொண்டுபோகும், சிறு குழந்தையின் உயிரை எடுக்கும். இன்னொன்று பிளாஸ்மோடியம் விவாக்ஸ். மும்பையில் பெரும்பாலும் இதுதான். உயிரை எடுப்பது குறைவு. ஆனால் ஈரலில் ஒளிந்து கிடந்து, குணமான சில வாரங்களிலோ மாதங்களிலோ புதிதாக ஒரு கொசுவும் கடிக்காமலே மறுபடி காய்ச்சலாக எழும். ஃபால்சிபாரம் ஒரேயடியாகச் செலவு வைக்கும், விவாக்ஸ் தவணை முறையில் வைக்கும்.

மருந்திலும் அந்த வித்தியாசம் உண்டு. ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டீசுனேட் கலந்த கூட்டு மருந்து மூன்று நாள். நம் தேசியத் திட்டத்தில் அதை வயதுக்கு ஒரு நிற அட்டையில் கொடுக்கிறார்கள். ஒரு வயதுக்குள் இளஞ்சிவப்பு, நாலு வயது வரை மஞ்சள், எட்டு வரை பச்சை, பதினாலு வரை சிவப்பு, பெரியவர்களுக்கு வெள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நிறத்தைப் பார்த்தே எந்த அட்டை எந்தப் பிள்ளைக்கு என்று சொல்லிவிடலாம். விவாக்ஸுக்கு குளோரோகுவின் மூன்று நாள். கூடவே ஈரலில் ஒளிந்திருப்பதை அழிக்க பிரைமாகுவின் 14 நாள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பிரைமாகுவின் கொடுக்கக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களை உடைக்கும் என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

நாட்டின் மொத்தக் கணக்கு நம்பிக்கை தரக்கூடியது. 2015-ல் இந்தியாவில் பதிவான மலேரியா நோயாளிகள் 11.69 லட்சம், 2023-ல் 2.27 லட்சம். பதிவான மரணங்கள் 384-லிருந்து 83 ஆனது. 2027-க்குள் உள்ளூரில் பரவும் மலேரியாவைப் பூஜ்யமாக்குவது இலக்கு. உலகக் கணக்கு அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023-ல் 26.3 கோடி பேருக்கு மலேரியா வந்தது, 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அதே ஆண்டு உலகம் முழுக்க மலேரியா ஒழிப்புக்குச் சுமார் 400 கோடி டாலர் போடப்பட்டதாகக் கணக்கு சொல்கிறார்கள். அரசுகளும் நன்கொடை நாடுகளும் கொடுத்தது மட்டும்தான் அந்தத் தொகை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த தகப்பன் இழந்த கூலி அதில் எந்தப் பத்தியிலும் இல்லை.

அந்தக் கூலியைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

கட்சிரோலியின் பாமராகட், எட்டாபள்ளி, தானோரா தாலுகாக்களில் மாடியா கோண்டு பழங்குடி மக்களின் கிராமங்கள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மழைக்காலம் பாக்கியில்லாமல், பர்ல்கோட்டா ஆறு பெருகி பாமராகட் துண்டிக்கப்பட்டது என்று செய்தி வரும். மலேரியா ஏறும் காலமும் அதுதான். வயலில் நாற்று நடவும் களையெடுப்பும் நடக்கும் காலமும் அதுதான். போன அறுவடை நெல் தீர்ந்து, அடுத்த அறுவடை வராமல், கையில் காசே இல்லாத காலமும் அதுதான். ஒரு நோய் வருவதற்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. ஆப்பிரிக்காவின் பல கிராமங்களிலும் மழைக்காலம் பசிக்காலம் ஒன்றாகவே வருகிறது, மலேரியாவும் கூடவே வருகிறது.

அப்படி ஒரு வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. முதல் நாள் காய்ச்சலைப் பார்த்து அது மலேரியாவா, சளிக் காய்ச்சலா என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தம் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையில் பாதி, நெற்றியில் ஈரத்துணி. கிராமத்துப் பூசாரி மந்திரித்துவிடுகிறார், ஒரு கோழி போகிறது. இரண்டாம் நாள் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக வரும், படிக்காத ‘டாக்டர்’ ஓர் ஊசி போடுகிறார்; பலவீனமாக இருக்கிறது என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுகிறார். பணம் இப்போதே தர வேண்டாம், நெல் வந்ததும் தரலாம். அவரைத் திட்டுவது சுலபம். ஆனால் வீட்டு வாசலுக்கு வருபவர் அவர். கடனுக்குப் பார்ப்பவரும் அவர்தான். அரசு மருத்துவமனை இந்த இரண்டையும் செய்வதில்லை. மூன்றாம் நாள் குழந்தை கண் திறக்க மறுக்கிறது. இப்போதுதான் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து ஆம்புலன்சில் அஹேரியிலோ கட்சிரோலி நகரத்திலோ இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஆம்புலன்சுக்குக் காசில்லை. ஆனால் அது கொண்டுபோய் விட்டுவிட்டுப் போய்விடும், குணமாகித் திரும்பி வரும் வழி பெரும்பாலும் சொந்தச் செலவு.

இதில் மருத்துவமனை வாங்கிய பணம் எவ்வளவு? ஒன்றுமில்லை. குடும்பம் இழந்தது எவ்வளவு? ஒரு உதாரணக் கணக்குப் போடலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் மகாராஷ்டிரத்தின் 2024-25 கூலி நாளைக்கு 297 ரூபாய். தாய்க்கு மூன்று நாள், தகப்பனுக்கு இரண்டு நாள் வேலை போயிருந்தால் அதுவே 1,485 ரூபாய். ஊசிக்காரர் பாக்கி, வண்டி வாடகை, மருத்துவமனை வாசலில் வாங்கிய டீயும் பிஸ்கட்டும், துணைக்குப் போன தம்பியின் சாப்பாடு, பூசாரிக்குப் போன கோழி எல்லாம் இதற்கு மேல். நோய்ச்செலவு ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் குடும்பத்தைக் கவிழ்க்கும் செலவாக உலக அமைப்புகள் எண்ணி வந்திருக்கின்றன. மாதச் சம்பளக்காரருக்கு 2,000 ரூபாய் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் செலவு. மழைக்காலத்துக் காட்டுக் கிராமத்தில் அதற்கு ஆடுதான் விற்க வேண்டும். அந்த ஆடு அடுத்த வருஷம் ஈனப்போகும் குட்டிகளும் சேர்ந்தே விலைபோகின்றன. காய்ச்சலுக்கு முன் இருந்த இடத்துக்கு அந்தக் குடும்பம் திரும்ப ஒரு வருஷம் ஆகலாம்.

நடவு நேரத்தில் போன நாள் சாதாரண நாளும் இல்லை. பத்து நாளுக்குள் நட்டாக வேண்டிய வயலில் இரண்டு பேர் இரண்டு மூன்று நாள் இல்லையென்றால், அந்த நஷ்டம் கூலிக் கணக்கில் வராது. அறுவடையில் வரும்.

தாமதத்தை அறியாமை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 2000-ஆம் ஆண்டு நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், மலேரியா வந்தவர்களில் 60 சதவீதத்தினருக்காவது காய்ச்சல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சரியான மருந்து கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். மருத்துவரீதியாக மிகச் சரி. ஆனால் தாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். வருஷத்தில் பிள்ளைகளுக்குப் பத்துத் தடவை காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் முதல் நாளே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு 15 கிலோமீட்டர் போனால், ஒன்பது தடவை ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். பத்தாவது எது என்று முன்கூட்டித் தெரியாது. காத்திருந்து பார்ப்போம் என்று அவள் முடிவெடுக்கும்போது, கையில் இருக்கும் காசையும் எதிரே நிற்கும் ஆபத்தையும் எடைபோட்டுத்தான் எடுக்கிறாள். முதல் நாளில் ஒரு சொட்டு ரத்தத்தோடு முடிய வேண்டிய செலவு நாலாம் நாளில் ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகிறது. பரிசோதனை எட்டும் தூரத்தில் இல்லாததால்தான் அந்த நாலு நாளும் போகின்றன.

இப்போது தாராவிக்கு வரலாம். இங்கே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. 90 அடி சாலையில் எங்கிருந்து கிளம்பினாலும் சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். மாநகராட்சி தவாகானா இன்னும் பக்கம். ஆனால் செலவு குறைவதில்லை, ஆள் மாறி வருகிறது. இங்கே அது நேரத்தின் உருவத்தில் வருகிறது.

நான் பார்த்து வளர்ந்த சந்துகளில் இட்லி வியாபாரம் செய்யும் வீடுகள் நிறைய. அந்த வீட்டின் நாள் அதிகாலை மூன்றரைக்குத் தொடங்கிவிடும். பெண் அவித்து இறக்க, கணவன் பெரிய அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு மாட்டுங்கா, தாதர் பக்கம் போவார். காலை பத்து மணிக்குள் விற்று முடிந்தால்தான் சாயங்காலம் அரிசி உளுந்து வாங்கி ஊறப்போட முடியும். ஒரு நாள் மாவு அரைக்கவில்லை என்றால் அன்றைய வருமானம் மட்டும் போகாது. வாடிக்கைக்காரர் அடுத்த சைக்கிளிடம் பழகிவிடுவார். இந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தவாகானா திறந்திருக்கும் காலை நேரத்தில் வரிசையில் யார் நிற்பது? அதனால் அன்றைய வேலையெல்லாம் முடிந்து இரவு எட்டு மணிக்கு முனையில் இருக்கும் தனியார் கிளினிக்குக்குப் போகிறார்கள். இரண்டு நாளுக்கு மாத்திரை, ஓர் ஊசி. குறையவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார்கள். மலேரியா, டெங்கு, டைஃபாய்டு என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சில நூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும்.

விவாக்ஸ் காய்ச்சலின் இயல்பும் செலவைக் கூட்டுகிறது. பழைய ஆட்கள் முறைக்காய்ச்சல் என்பார்களே, அது பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். நடுங்கவைத்து, கொதிக்கவைத்து, வேர்த்து இறங்கிவிடும். மறுநாள் பிள்ளை சந்தில் கிரிக்கெட் விளையாடும். சரியாகிவிட்டது என்று அன்று யாரும் ரத்தம் பார்க்கப் போகமாட்டார்கள். அதற்கடுத்த நாள் மறுபடி நடுக்கம். இப்படி ஒரு வாரம் ஓடிவிடும். ரத்தம் பார்த்து மலேரியா என்று தெரிந்ததும் அடுத்த பயம் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள். மலேரியாவில் பிளேட்லெட் இறங்குவது சகஜம், மருந்து வேலை செய்ததும் பெரும்பாலும் தானே ஏறிவிடும். ஆனால் டெங்கு பயம் ஊறிப்போன நகரத்தில் எண்ணிக்கை இறங்கிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தாயாலும் நிம்மதியாக உட்கார முடியாது. தினமும் ஒரு பரிசோதனை, சில இடங்களில் அட்மிஷன். காதிலிருப்பது அடகுக்குப் போவது இந்த இடத்தில்தான். சேட்டிடம் முன்பணம், சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுப்பது எல்லாம் இங்கேதான்.

பிறகு அந்த 14 நாள். மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். பிரைமாகுவின் கசக்கும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு பிரட்டும், சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். ஆறாம் நாள் பிள்ளை வாந்தி எடுத்ததும், ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று மாத்திரை அட்டை சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகப்படும். மிச்சமிருக்கும் எட்டு நாள் மாத்திரையின் விலை சொற்பம். அதை விட்டதால் வரும் இரண்டாம் காய்ச்சலின் செலவு முதல் காய்ச்சலுக்குச் சமம்.

மும்பைத் தமிழர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சங்கடமும் இதில் இருக்கிறது. மழைக்காலத்தில் வந்த விவாக்ஸ், மருந்து முடிக்காததால், கோடை விடுமுறைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறிப்போன பிள்ளைக்கு ஊரில் திரும்ப எழலாம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் மலேரியா பதிவாகிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் இளம் மருத்துவர் அதைப் படிப்பில் பார்த்திருப்பார், நோயாளியில் பார்த்திருக்கமாட்டார். வைரஸ் காய்ச்சல் என்று ஒரு வாரம், டைஃபாய்டு என்று ஒரு வாரம். பாட்டி வீட்டுக்கு வந்த விடுமுறை டவுன் ஆஸ்பத்திரியில் கழியும், மும்பைக்குத் திரும்பும் டிக்கெட் ரத்தாகும். ஒரே கொசுக்கடிக்கு இரண்டு மாநிலங்களில் பணம் கட்டுகிறார்கள்.

கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மும்பையில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபன்சி நல்ல தண்ணீர் கொசு. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, கட்டடம் கட்டும் இடத்தில் தேங்கிய நீர் இதெல்லாம் அதன் இடம். 1911-லேயே பென்ட்லி என்ற அதிகாரி பம்பாயின் மலேரியாவுக்குக் கிணறுகளும் தொட்டிகளும் காரணம் என்று எழுதிவைத்தார். பிறகு நிறையக் கிணறுகள் மூடப்பட்டன. நூறு வருஷம் கழித்து, கட்டட வேலை உச்சத்தில் இருந்த 2010-ல், நகரத்தில் 76 ஆயிரத்துக்கும் மேல் நோயாளிகள், 145 மரணம். அதன் பிறகு நன்றாகக் குறைந்தது. 2023, 2024-ல் ஆண்டுக்கு 7 ஆயிரத்துக்கு மேல். மூடி இல்லாத தொட்டி யாருடையதோ, காய்ச்சல் பக்கத்துக் குடிசைப் பிள்ளைக்கு. தொட்டிக்காரர் கட்டும் அபராதம் மாநகராட்சிக்குப் போகிறது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒரு பைசாவும் போவதில்லை.

சரி, காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது படுக்கையில் சேர்ந்தால்தான். மலேரியாவின் செலவில் பெரும்பகுதி படுக்கைக்கு வெளியே நடக்கிறது. முனை கிளினிக், ரத்தப் பரிசோதனை, ஆட்டோ, போன கூலி எதுவும் அந்த அட்டையில் அடங்காது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்திருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. நல்ல மாற்றம்தான். போன கூலி அந்த 39.4-லும் சேர்த்தியில்லை என்பதை மறக்க வேண்டாம்.

ஆப்பிரிக்காவில் இந்தப் பாடம் இன்னும் கடுமையாகக் கிடைத்தது. உகாண்டா 2001-ல் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணத்தை எடுத்துவிட்டது. ஏழைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆனால் ஏழைக் குடும்பங்களைக் கவிழ்க்கும் அளவுச் செலவு குறையவில்லை என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கட்டணம் போனது, அலமாரியில் மருந்தும் அடிக்கடி காணாமல் போனது. சீட்டை எடுத்துக்கொண்டு மக்கள் வெளிக் கடைக்குப் போனார்கள். இலவசம் என்று போர்டு வைப்பதும் இலவசமாகக் கிடைப்பதும் ஒன்றில்லை. கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான கிளினிக்குகளில் மருந்து தோய்த்த கொசுவலையைச் சோதனையாக வெவ்வேறு விலைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு: இலவசத்திலிருந்து வெறும் 60 அமெரிக்க சென்ட்டாக ஏற்றியதும் வாங்கியவர்களின் அளவு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்துவிட்டது. நமக்குச் சில்லறையாகத் தெரிவது ஏழைத் தாயின் கணக்கில் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. நைஜீரியக் கிராமங்களிலும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பலர் முதலில் போவது பக்கத்து மருந்துக் கடைக்குத்தான். நம் ஊர் ஊசிக்காரரிடம் போகும் அதே காரணங்கள்: பக்கம், எந்நேரமும் திறந்திருக்கும், கடன் சொல்லலாம்.

அப்படியானால் எது செலவைக் குறைக்கிறது? பரிசோதனையும் மருந்தும் வீட்டை நோக்கி வரும்போது குறைகிறது. 2005-ல் தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தோடு வந்த ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர் அதே ஊர்ப் பெண். அவர் பையில் பரிசோதனைக் கிட்டும் நிற அட்டை மாத்திரைகளும் இருந்தால், ஒரு சொட்டு ரத்தம் வைத்து 20 நிமிஷத்தில் முடிவு தெரிந்துவிடும். நடவு வயலிலிருந்து தாய் போக வேண்டியது பக்கத்துத் தெருவரைதான். நேரம் இரவானாலும் போகலாம். முன்பு ஸ்லைடில் ரத்தம் தடவி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, முடிவு வர நாட்கள் ஆகும். அதற்குள் காய்ச்சல் ஊசிக்காரரிடம் போயிருக்கும். அந்தக் கிட் தீர்ந்துபோன வாரம் எல்லாம் பழைய கதைக்குத் திரும்பிவிடும். கிட் கையிருப்பு ஓர் அலுவலக விவரம்போலத் தோன்றலாம், அது ஒரு வீட்டின் ஆடு.

ஒடிசா 2017-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. எட்டாத மலைக் கிராமங்களுக்குச் சுகாதாரக் குழுவே போய், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் ரத்தம் பார்த்து, கிருமி இருந்தால் அங்கேயே மருந்து கொடுத்தது. தமன் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். கூடவே மருந்து தோய்த்த வலைகளும் பெருமளவில் போயின. 2016-ல் சுமார் 4.4 லட்சமாக இருந்த ஒடிசாவின் எண்ணிக்கை 2018-ல் ஏறக்குறைய 66 ஆயிரமாக இறங்கியது. அந்த முகாமில் ரத்தம் கொடுத்தவர் வண்டிக்குக் காசு தேடவில்லை.

மும்பையில் இதற்கு இணையானது நேரம். 2022-ல் மாநகராட்சி தொடங்கிய ஆப்லா (‘நம்முடைய’) தவாகானாக்களில் இரவு 10 மணி வரை பார்க்கும் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். புதிய மருத்துவமனை கட்டுவதைவிட இது இட்லி வீட்டுக்குப் பெரிய உதவி. இரவு எட்டு மணிக்கு இலவச ரத்தப் பரிசோதனை கிடைத்தால் முனை கிளினிக் சுற்று முழுவதும் மிச்சம். எல்லாப் பேட்டையிலும், மழை மாதங்கள் முழுக்க, மலேரியா பரிசோதனையோடு அது நடக்க வேண்டும் என்று கேட்பது நம் சங்கங்களும் மன்றங்களும் செய்யக்கூடிய காரியம்.

தடுப்பூசி வந்துவிட்டதே என்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் பரிந்துரைத்த ஆர்21 தடுப்பூசி தயாராவது பக்கத்தில் புனேயில்தான். அது ஃபால்சிபாரத்துக்கு எதிரானது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போகிறது. நாலு தவணை போட வேண்டும். நாலு தவணை என்றால் தாய்க்கு நாலு நடை, நாலு நாள் கூலி. ஊசி இலவசமானாலும் அந்த நாலு நாளை யாராவது யோசித்தாக வேண்டும்.

இன்னும் ஒன்று என்னை உறுத்துகிறது. மலேரியா குறையக் குறைய, மிச்சமிருக்கும் நோயாளிகள் எட்டாத வீடுகளில் இருப்பார்கள்: ஆற்றுக்கு அப்பால், காட்டுக்குள், கட்டட வேலைக்கு வந்து மூன்று மாதத்தில் இடம் மாறும் தொழிலாளியின் தகரக் கொட்டகையில். மருத்துவர்களுக்கும் அந்த நோய் மறந்துபோகும். நாட்டின் எண்ணிக்கை இறங்கும்போது தனி ஒரு குடும்பத்தின் செலவு இறங்காது, ஏறக்கூடும். அதனால்தான் 2027 இலக்கை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது என்கிறேன். ஒவ்வொரு நோயாளியையும் பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்: காய்ச்சல் தொடங்கி எத்தனை நாளில் ரத்தம் பார்த்தீர்கள், அதற்குள் எங்கெல்லாம் போய் எவ்வளவு கொடுத்தீர்கள்? இரண்டு வரி பதில் போதும், எந்தத் தாலுகாவில் எந்த மாதம் இலவச மருந்து எட்டவில்லை என்று மாவட்ட அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

அதுவரை நம் வீடுகளில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. மழைக்காலத்தில் நடுக்கத்தோடு வரும் காய்ச்சலுக்கு இரண்டாம் நாளைத் தாண்டவிடாமல் தவாகானாவில் மலேரியா பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒருநாள் காய்ச்சல் விட்டாலும் போங்கள். விவாக்ஸ் என்றால் மருத்துவர் சொன்ன 14 நாளும் சாப்பிட்ட பின் மாத்திரை கொடுங்கள், வாந்தி எடுத்தால் நிறுத்தாமல் அவரையே கேளுங்கள். கேஸ் பேப்பரைப் பத்திரப்படுத்துங்கள். விடுமுறைக்கு ஊர் போகும்போது அதையும் பையில் வைத்துக்கொண்டு, அங்கே பிள்ளைக்கு உடம்பு சுட்டால், மும்பையிலிருந்து வந்திருக்கிறோம், போன மழைக்கு மலேரியா வந்தது என்று டாக்டரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ரத்தம் பார்க்கக் காசு வாங்கமாட்டார்கள்.